திருத்தங்களோடு ஆதரவு

ஆல்டர் தெரு,
மார்ச் 9

அன்பு மகள் கோரினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளை டெரன்ஸும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளிப் போர்வை வந்து சேர்ந்தது. உங்கள் மெயின் மாநிலத்துப் பனிக்கு நெய்த போர்வை அது. கலிபோர்னியாவில் அதைப் போர்த்திக்கொண்டு வேனுக்குள் படுத்தால் வேர்த்துக் கொட்டுகிறது. இருந்தாலும் போர்த்திக்கொள்கிறேன்.

வேனை நம் பழைய வீட்டுக்கு எதிரிலேயே நிறுத்தியிருக்கிறேன். வாடகை கட்ட முடியாமல் நாம் விட்ட வீட்டில் இப்போது இருக்கும் பெண் நல்ல மாதிரி. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். எலுமிச்சை மரத்தைத்தான் கன்னாபின்னாவென்று வெட்டி வைத்திருக்கிறாள். அவள் மரம், நான் என்ன சொல்வது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகரசபை ஒரு சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது. உள்ளே படுக்கை போட்ட வண்டி எதுவும் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுத் தெருக்களில் நிற்கக் கூடாதாம். நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பதறாதே, இன்னும் சட்டமாகவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கம் என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். எங்களைக் கேட்காமல் நகரசபை எதையும் செய்யாது என்று இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அதனால் தைரியமாகத்தான் கூட்டத்துக்குப் போனேன்.

வழக்கம்போல நூலகத்தின் பின் அறையில் கூட்டம். வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் லாண்டிஸ்தான் முதலில் பேசினார். "யாரையும் கஷ்டப்படுத்தணும்னு இல்லைங்க. ஆனா வீடு பாக்க வர்றவங்க மொதல்ல தெருவத்தான் பாக்கறாங்க. ஒரு பழைய வேன் நின்னா காரவிட்டு எறங்காமலே போயிடறாங்க" என்றார். ரொட்டிக்கடை ஒஃபீலியா சும்மா விடுவாளா? "அந்த வேன்ல இருக்கறது யாருன்னு பேரச் சொல்லேன் பாப்போம். போன வாரம் உன் தீர்மானத்துல பிழை திருத்திக் குடுக்கச் சொல்லி அந்த வேன் கதவத்தான தட்டுன?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். லாண்டிஸும் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கோரின். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டத்தை எதிர்க்கலாம் என்று ஒஃபீலியா தீர்மானம் கொண்டுவந்தாள். ஓட்டெடுப்புக்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். ஒரு விஷயத்தில் யாருக்குச் சொந்த லாப நஷ்டம் இருக்கிறதோ அவர் ஓட்டெடுப்பின்போது அறையில் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. எழுதியதே நான்தான். அந்த நிலக் கம்பெனி ஆளை உள்ளே விடாமல் தடுப்பதற்காக எழுதினேன், உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஒஃபீலியா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருய்யா பேசாம. உன்ன யாரு இப்பப் போகச் சொன்னா?" என்றாள். விதி விதிதான் என்று சொல்லிவிட்டு லாண்டிஸைப் பார்த்தேன். அவரும் எழுந்து வருவார் என்று நினைத்தேன். "தெரு மதிப்பு ஏறினா எல்லாருக்கும்தான ஏறுது, எனக்கு மட்டுமா?" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் குனிந்துகொண்டார்.

வெளியே குழந்தைகள் பகுதியில் ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டார்கள். எதிர்ப்புக்கு ஏழு ஓட்டு, சட்டத்துக்கு ஏழு. சமமாக வந்தால் தீர்மானம் விழுந்துவிடும். யார் மனமும் நோகக் கூடாது என்று தலைவி பெவர்லி நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாளாம். 'திருத்தங்களோடு ஆதரவு.' அதாவது, முதலில் இந்த வண்டிகளுக்குக் கழிவறையோடு ஓர் இடம் ஒதுக்க வேண்டும், இந்தப் பகுதியிலேயே வாழ்ந்தவர்களை விரட்டக் கூடாது, இந்த இரண்டையும் சேர்த்தால் எங்கள் சங்கம் சட்டத்தை ஆதரிக்கும். ஒஃபீலியா ஒருத்தியைத் தவிர எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள்.

நகரசபைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல என்ன, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா

*

ஒஃபீலியாவின் ரொட்டிக்கடை,
ஜூன் 12

அன்பு மகள் கோரினுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன்னிடம் மறைத்துப் பயனில்லை. வேன் போய்விட்டது. உன் போர்வையும் அதற்குள்தான் இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் நகரசபை கூடியது. எனக்குப் பேச ஒரு நிமிடம் கொடுத்தார்கள், பேசினேன். அதன் பிறகு சபை எழுத்தர் சட்டத்தை ஆதரிக்கும் சங்கங்களின் பெயர்களைப் படித்தார். அதில் எங்கள் சங்கத்தின் பெயர் இருந்தது. ஆதரவு, எதிர்ப்பு என்று அவர்களிடம் இரண்டே பட்டியல்தான் இருக்கிறதாம். திருத்தங்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் கை தூக்கினேன். "ஐயா, உங்க நிமிஷம் முடிஞ்சுபோச்சு" என்றார்கள். "அங்க குடியிருக்கறவங்களே வேணும்னு கேக்கறாங்க, நாம யாரு வேணாம்னு சொல்ல?" என்று ஓர் உறுப்பினர் எங்கள் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். என் கையால் எழுதிக் கொடுத்த கடிதம், கோரின். சட்டம் அப்படியே நிறைவேறியது.

ஏழுக்கு ஏழு. உள்ளே உட்கார்ந்திருந்தால் எட்டு. இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கேட்காதே. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வேனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கிடங்குகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வீடுகள் இல்லை, அதனால் சட்டமும் இல்லை. தண்ணீரும் இல்லை. போய் ஒரு வாரம் ஆகியிருக்கும், பெவர்லி போனில் கூப்பிட்டாள். பேச ஆரம்பிக்கும்போதே அழுதாள். சங்கத்தின் எல்லைக்குள் வசிக்கிறவர்தான் உறுப்பினராக இருக்க முடியும். "நீங்க எழுதின விதிதான லீலண்ட், நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அவள் சொல்வது சரிதான். நான் தலைவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு போனபோதுகூட நான் இப்படி ஆகவில்லை. ஏனென்றால் அப்போது மாதத்துக்கு ஒரு மாலை போய் உட்கார எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன், பெவர்லி கெஞ்சினாள். வேனை நூலக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அதுவும் வீட்டுத் தெருதான். இருபது வருட சேவைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை லாண்டிஸ் வாசித்தார். ஒரு எதிர்ப்புகூட இல்லை. பாராட்டுப் பத்திரத்துக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி எல்லாம் பதித்திருந்தார்கள். கேக் வெட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து என்னைப் பற்றி நல்லது பேசினார்கள், லாண்டிஸ் எல்லோரையும்விட அதிகமாகப் பேசினார். ஒருவரை நடுவில் நிறுத்தச் சொல்வது மரியாதையா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது தாண்டியது.

வெளியே வந்தபோது வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என் கையில் ஒரு துண்டுக் கேக், கக்கத்தில் பாராட்டுப் பத்திரம். எல்லோரும் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். லாண்டிஸ் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார், அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. பெவர்லிதான் என் தோளைத் தொட்டு, "இத இப்படியே விடக்கூடாது லீலண்ட். அடுத்த மாசக் கூட்டத்துல மொத விஷயமா எடுத்து நகரசபைக்கு ஒரு கடிதம் போட்டுடலாம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஒஃபீலியா ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள், அதை உனக்கு எழுத முடியாது.

வண்டியை மீட்க அவர்கள் கேட்கும் பணத்தைக் கட்டுவது என்னால் ஆகிற காரியமில்லை. நீ அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, உன் நிலைமை எனக்குத் தெரியாதா. இப்போது ஒஃபீலியா கடையில், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரருக்குத் தெரியாது. இந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம் என்கிறாள். அதற்குப் பிறகு எங்கே என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. காலையில் எழுந்து எதற்குச் சவரம் செய்கிறேன் என்றும் தெரியவில்லை.

தாத்தாவுக்குச் சோபாவில் தலையணை போட்டு வைத்திருக்கிறேன் என்று வினி எழுதியிருந்தாள். குழந்தைக்கு என்ன பதில் எழுதுவது? நாலு பேருக்கு மேல் அந்த வீட்டில் தங்கக் கூடாது என்று உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் விதி வைத்திருக்கிறாரே. போன வருடம் நீ கூப்பிட்டபோது, விதியை மீறி வரமாட்டேன் என்று உனக்கு ஒரு பக்கம் உபதேசம் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

வண்டியில் தூங்குகிறவர்களைப் பற்றி உங்கள் ஊரிலும் ஒரு சட்டம் வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். உங்கள் தெருச் சங்கத்தின் கூட்டத்துக்கு நீ போக வேண்டும், கோரின். மாப்பிள்ளையிடம் குழந்தைகளை விட்டுவிட்டுப் போ. உனக்கு இதில் சொந்த விஷயம் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான் கேட்பார்கள். ஆமாம் இருக்கிறது, என் அப்பா என்று சொல். சொல்லிவிட்டு உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திரு. யார் சொன்னாலும் அறையை விட்டு வெளியே போகாதே, கண்ணே.

நீயும் உன் குடும்பமும் ஒரு கூரையின் கீழ் நன்றாக இருக்க வேண்டும். பதிலை இந்த மாதத்துக்குள் போடு, கடை முகவரிக்கே.

உன் அப்பா,
லீலண்ட் பர்விஸ்