மேலுக்கு முடியல

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு மாடுகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் வழியில்லை, இல்லை என்று நீயே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டாய். அந்த மலை ஊரில் நோயாளி பேசுவது உனக்குப் புரியவில்லை, நீ தப்பாகப் புரிந்துகொண்டு கேட்டதற்கு ஆஸ்பத்திரியே சிரித்தது, கிராமப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வந்த கோபத்தில், என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்கள் விளங்குவார்களா என்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான். வந்துவிடு என்று எழுதப் பேனாவைத் தேடினேன், அது கிடைப்பதற்குள் மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சலோடு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சென்னையிலிருந்து சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்திருக்கிறது, உன் வயசுதான், உன்னை மாதிரியே ஒல்லி. எதிரே உட்கார்ந்து, மேலுக்கு முடியல தாயி என்றேன். அந்தப் பிள்ளை அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, மேல யாருக்கும்மா முடியல, கீழ கூட்டிட்டு வாங்க பார்க்கலாம் என்றது. அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி சும்மா இருப்பாளா, மேல பல்லிதான் இருக்கு டாக்டரம்மா, அதுக்கும் ஊசி போடப் போறீகளா என்று கேட்டுவிட்டாள். வரிசை மொத்தமும் சிரித்தது. முதலில் தொடங்கியதும் கடைசியில் நிறுத்தியதும் நான்தான், காய்ச்சலில் பாதி அங்கேயே போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்குக் காது சிவந்து கண் தளும்பி நிற்கிறது. எனக்குச் சுருக்கென்றது, முந்தின நாள் நான் ஏசியது யாரையோ இல்லை, என்னைத்தான். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலுன்னா என்னம்மா, எனக்குத் தெரியல, சொல்லிக் குடுங்க என்று கேட்டது. உடம்புதான் தாயி என்றேன். இதற்கு முன் இருந்த டாக்டர் நாம் வாயைத் திறக்கும் முன்பே சீட்டை எழுதி நீட்டிவிடுவார், அவரைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை, அவரிடம் ஒருவரும் நோயை முழுசாகச் சொன்னதுமில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, சிரித்த வாய் மூடுவதற்குள் சின்னத்தாயி கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த மார்புக் கட்டியை அந்தப் பிள்ளையிடம் காட்டிவிட்டாள். மறுநாளே சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஆரம்பம்தான், குணமாக்கிவிடலாம் என்றார்களாம். இப்போது சின்னத்தாயி அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரையும் சிரிக்க விடுவதில்லை, தான் மட்டும் சிரித்துக்கொள்கிறாள்.

அதனால் சொல்கிறேன் ஆத்தா, வராதே. இதை எழுத எனக்கு அழுகை வருகிறது, உன் முகத்தைப் பார்த்து மூன்று மாதமாகிறது. அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி, சிரித்து முடித்ததும் அர்த்தம் கேள். உன்னிடம் கதவைச் சாத்தச் சொல்ல அங்கேயும் ஒரு சின்னத்தாயி இருப்பாள். மலைக் குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பிஸ்கட்டைச் சாப்பாடு என்று சொல்லாதே. நம் சாமி சேவுகப்பெருமாள் உன் கூடவே நிற்பார், உன் கை பட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா காரை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார். பார்க்க மட்டும்தான் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார், ஆனால் உன் பெட்டிகள் கொள்ளும் அளவுக்குப் பின் சீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு அழுதாலும் ஏறாதே.

இப்படிக்கு
உன் அம்மா
செந்தாமரை