மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் விதம்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமில்லை என்று உன்னோடு ரூமில் இருக்கிற நர்ஸ் பெண் போனில் சொல்லிவிட்டாள். இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். சித்தியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதே, பெற்றவளுக்கு மேலாக வளர்த்தவள் போயிருக்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் போகிறாளே, அங்கே போய்த் தனியாக உடைவாள் பாருங்கள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன், அவர் சாட்சி. எந்த மாதம் என்றுகூடச் சொன்னேன், அவர்தான் மறந்துவிட்டார். நீ வேலைக்குப் போவதில்லையாம், தலை வாருவதில்லையாம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து உன்னை நீயே திட்டிக்கொள்கிறாயாம். என்ன திட்டு என்று விடாமல் கேட்டேன். ஊரில் இருக்கிறவர்கள் நெஞ்சையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறாய், வளர்த்தவளுக்கு மூச்சு வாங்கினது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியவில்லை, நீயெல்லாம் எதற்கு இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன் கேள், அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். வீடியோ காலில் அவளுக்கு மூச்சு வாங்கினதை நீ பார்த்தாய், கேட்டாய், டாக்டரிடம் போ என்றாய். படி ஏறி வந்தேன் அதான் என்று அவள் சமாளித்தாள். போனை வைத்த பிறகு, இவளுக்கு எதைப் பார்த்தாலும் வியாதிதான் என்று என்னிடம் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். படி ஏறினது எதனால் என்று உனக்கே தெரியும், நம் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோயிருந்தது, பார்ட் வரவில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் பெண்டாட்டி நாலு மாடி நடந்தாள். அவள் போன அடுத்த வாரம் அந்தப் பார்ட் வந்தது, நானே மாட்டினேன், இப்போது எல்லோரும் ஜம்மென்று ஏறி இறங்குகிறார்கள். நான் மட்டும் படியில்தான் போகிறேன், உடம்புக்கு நல்லது என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எட்டாவது தாண்டாதவன்தான், ஆனால் லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் கம்பெனி இன்ஜினியரை யாரும் தேடுவதில்லை, என்னைத்தான் தேடுவார்கள். ஒரு தடவை மந்திரி ஒருவரே மாட்டிக்கொண்டு, என் குரலைக் கேட்டு நிம்மதியாகி உள்ளேயே தூங்கிவிட்டார், குறட்டை மூன்று மாடிக்குக் கேட்டது. அப்படி என்ன பேசுவேன் என்கிறாயா. போனவுடனே ஸ்பேனரைத் தொடக் கூடாது, கதவில் வாயை வைத்து முதலில் பேச வேண்டும். நான் வந்துட்டேன், உள்ளே காத்து இருக்கு, லிஃப்ட் கீழே விழாது, தரையில உட்காருங்க, மெதுவா மூச்சு விடுங்க. இவ்வளவுதான். ஏன் ஏறினாய், படியில் போயிருக்கலாமே, உனக்கு அறிவில்லையா என்று எந்த மெக்கானிக்காவது கேட்பானா. கேட்டால் உள்ளே இருக்கிறவன் கதவை உடைக்கப் பார்ப்பான், கையை நசுக்கிக்கொள்வான். ரெண்டு நிமிஷத்தில் திறந்துவிடுவேன் என்று கதை விடவும் கூடாது, மூணாவது நிமிஷம் அவன் நம்மை நம்ப மாட்டான். உள்ளதை, தாங்குகிற மாதிரி, தணிந்த குரலில் சொல்ல வேண்டும்.

உனக்குள்ளே ஒருத்தி அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாள் கண்ணு, நீ வெளியே நின்று அவளைத் திட்டுகிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, காலையில் முகச்சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். "மூச்சு விடு. நீ தெரிஞ்சதைச் செஞ்சே. தெரியாம போனதுக்கு உன்னை அடிக்காதே. நான் இங்கேதான் இருக்கேன்." அப்படியே உடைந்து அழுதேன், அப்புறம் பாரம் இறங்கிவிட்டது, இப்போது பழைய பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன், பார்க்கிறவர்கள் பத்து வயது குறைந்துவிட்டது என்கிறார்கள். நீயும் அதையே சொல். முதல் நாள் பொய் மாதிரி இருக்கும், வாய் கூசும், இருந்தாலும் சொல். ஆனால் குரல் மட்டும் கதவைத் திறக்காது, அதற்குச் சாவி வைத்திருக்கிறவர் வேறே. உன் ஆஸ்பத்திரியிலேயே மனசுக்குப் பார்க்கிற டாக்டர் அம்மா இருக்கிறாராம், கூட்டிப்போகிறேன் என்று நர்ஸ் பெண் சொன்னாள், வெட்கப்படாமல் போய் வா. ஜன்னலைத் திற. தலையை வாரு, சிக்கு விழுந்தால் பிறகு வெட்டத்தான் வேண்டும், அந்த முடியை வளர்க்க அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

சித்தி செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது, எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு உண்டு. டாக்டரைப் பார்த்த அன்றே போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பி.கு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். சித்தி சொன்னது, சிரித்தது, படி, எல்லாம் உள்ளது உள்ளபடி. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன் என்றேனே, அது மட்டும் நடக்கவில்லை. தினமும் நிற்கிறேன். மூச்சு விடு என்பதுவரை வருகிறது, அதற்கு மேல் வருவதற்குள் முகத்தில் நுரை காய்ந்துவிடுகிறது, கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன். உனக்கு அதை முழுசாகச் சொல்ல வந்துவிட்டால், போனில் ஒரு தடவை எனக்கும் சொல்லம்மா.