கடைசி வண்டி

மே 27, செவ்வாய்

குளிர்பெட்டியைத் துடைத்தேன். மால்கம் போன் செய்தான். ஆல்ப்ஸுக்கு மோட்டார் சைக்கிளில் போக ஜனவரியில் ஐந்து பேருக்கு எடுத்த கப்பல் டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்துவிட்டானாம். "ஒன்றை" என்றுதான் சொன்னான். கோலின் என்று சொல்லவில்லை. பிப்ரவரியிலிருந்து எவரும் சொல்வதில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? மால்கமின் மனைவி பெவர்லி வருவாள், தேநீர் போடுவாள், மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகாவிட்டாலும் இதே சோபாதான்.

ஜூன் 3

புருஷன் போய் நாலு மாதம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அடக்கத்தன்று என்ன தைரியம் என்றார்கள். தைரியமா? பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க.

ஜெர்மனியில் கோப்லென்ஸ் வரை போகிறேன். அங்கேயும் இப்படியே இருந்தால் தனியாகத் திரும்பி, வண்டியை விற்றுவிடுவது. தங்கை மிரியத்திடம் சொல்லியாயிற்று. ஆல்ப்ஸை இந்தக் கண்ணால் பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் 5

ஹல் துறைமுகம். கப்பலின் அடித்தளத்தில் வண்டியைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். எப்போதும் அவன் வண்டி, என் வண்டி இரண்டையும் கோலின்தான் கட்டுவான். இன்று நானே கட்டினேன். முடிச்சு நன்றாகத்தான் விழுந்தது.

அவனுடைய மஞ்சள் சட்டையையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏன்? தெரியாது.

ஜூன் 6

ரோட்டர்டாமில் இறங்கியதும் மால்கம் எங்களைச் சுற்றி நிற்க வைத்தான்: நான், பெவர்லி, வருடா வருடம் எங்களோடு வரும் நண்பன் ஸ்டூவர்ட். "எப்பவும் போலத்தான்" என்றான்.

எப்போதும் போல என்றால் இதுதான். முன்னால் போவது மால்கம். முக்கு வந்தால், தனக்கு அடுத்து வருபவரைக் கைகாட்டி அங்கே நிறுத்துவான். நிற்பவர் மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை அசையக் கூடாது. இருபது வருடமாகக் கடைசி வண்டி கோலினுடையது. மஞ்சள் சட்டை அதற்குத்தான்.

இந்தத் தடவை கடைசி யார்? மால்கம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பெயர் வந்துவிடுமே.

இன்று முழுக்க நெடுஞ்சாலை. யாரும் நிற்க வேண்டி வரவில்லை.

ஜூன் 7

கோப்லென்ஸுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ஒரு சர்ச் முக்கில், மால்கம் என்னைக் கைகாட்டினான். நின்றேன். பெவர்லி போனாள். ஸ்டூவர்ட் தலையசைத்துவிட்டுப் போனான். மொத்தம் நாலு பேர்தான், எனக்கு எண்ணத் தெரியும். ஆனாலும் வண்டியைக் கிளப்பவில்லை. மஞ்சள் சட்டை வரவில்லையே.

ஒரு மணி நேரம். ரொட்டிக் கடைக்காரி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் மூவரும் திரும்பி வந்தார்கள். திட்டுவான் என்று நினைத்தேன். மால்கம் என் பக்கத்தில் வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் தப்புதான், விவ். கடைசில யாருன்னு சொல்லியிருக்கணும். அதுக்கு கோலின் பேர எடுக்கணும். எனக்கு வாய் வரல."

"அவன் வருவான்னு நின்னுட்டேன், மால்கம். வரமாட்டான், இல்ல?"

"வரமாட்டான்."

அழுதேன். நடுத்தெருவில், ஹெல்மெட்டுக்குள், மூக்கு ஒழுக — ஐயோ, எவ்வளவு அழுகை! எங்கே இருந்தது இத்தனை நாள்? பெவர்லி மழையைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அப்புறம் ஸ்டூவர்ட், "வர்றதா இருந்தாலும் இன்னும் வந்திருக்க மாட்டான். வழியில எங்கயாவது சாசேஜ் தின்னுட்டு நிப்பான்" என்றான். அது அப்படியே கோலின்தான். சிரித்துவிட்டேன்.

ஜூன் 8

கோப்லென்ஸ். திரும்பவில்லை என்று மிரியத்துக்குச் செய்தி அனுப்பினேன். வலிக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 10

"கடைசில நான் வர்றேன்" என்று மால்கமிடம் நானே சொன்னேன். மஞ்சள் சட்டை தோளில் தொங்குகிறது, ஊசி குத்திப் போட்டுக்கொண்டேன்.

இன்று பதினோரு முக்கு. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் என் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சளைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இருபது வருடம் நானும் அப்படி நின்றிருக்கிறேன். தூரத்தில் வரும்போது அவன் கண்ணுக்கு நான் இப்படித்தான் தெரிந்திருப்பேன்.