ஈரமணலில் ஒரு பாதம்

ஞாயிறு இரவு, விசாகப்பட்டினம்.

காலையில் ரோப் காரில் கைலாசகிரி ஏறி, கடலை மேலிருந்து பார்த்தோம். மாலையில் கடற்கரைக்கு இறங்கியபோதுதான் அது நடந்தது. ஈரமணலில் வெறுங்கால் தடம் ஒன்று நேராகக் கடலுக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். குனிந்து பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

"இது உன் கால்டி. வலது குதிகால் வெளிப்பக்கமா அழுந்திக்கீது பாரு. சுண்டுவிரல் படவே இல்ல."

"இன்னா பேசுறீங்க? நான் இன்னும் செருப்பே கழட்டல."

என் கல்யாணச் செருப்பை அளவெடுத்துத் தைத்தவர் அவர். என் காலைத் தப்பாகச் சொல்லமாட்டார்.

அந்தத் தடத்தைக் காலால் அழித்தார். என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. நாளை அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போவதாக இருந்தோம். "போதும், ஊருக்குப் போய்டலாம்" என்றார்.

இப்போது என் கணுக்காலைப் பிடித்தபடியே தூங்குகிறார். அவரிடம் ஒன்றை நான் சொல்லவில்லை. அந்தத் தடத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை. அதன்மேல் கால் வைத்து நடக்கத்தான் தோன்றியது.

அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் பிடி தளர்கிறது.