"கடவுள் இன்னும் கொடுக்கவில்லை"

நாகுவா
நவம்பர் 14, வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஒனேசிமோ அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன சனிக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்தபோது உங்கள் முகம் தெளிவாக இருந்தது. தலைநகர வாழ்க்கை உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை என்று இன்னும் அழைக்கலாமா என்பது எனக்குத் தெரியவில்லை. வேறு எப்படி அழைப்பது என்றும் தெரியாததால் பழையபடியே எழுதிவிட்டேன். தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. எனவே இக்கடிதத்தில் உள்ளவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

1. ஸொரைதா அம்மையாரின் நிகழ்ச்சியில் நீங்கள் விருந்தினராக வந்ததை எங்கள் தெரு பார்த்த விதம்.
2. பார்த்த பிறகு தெரு பேசியது.
3. குழந்தை யாரிசெல்லுக்கு இதனால் பாதிப்பு ஒன்றும் இல்லை என்பது.
4. என் வேண்டுகோள்.

முதலாவது. நீங்கள் வரப்போகிறீர்கள் என்ற விளம்பரம் வந்த நாளிலிருந்தே தெருவில் வேறு பேச்சு இல்லை. மளிகைக் கடை தியோஃபிலோ தன் கடையின் தொலைக்காட்சியைத் தூக்கி வாசலில் பீர்ப் பெட்டிகளின் மேல் வைத்தார். டோமினோ ஆடும் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலிகள் போட்டார்கள். முடிதிருத்தும் மில்கேயா காலையிலேயே வந்து, காசு வாங்காமல், யாரிசெல்லுக்குத் தலைமுடியைச் சுருட்டிவிட்டாள். "உங்கப்பன் அங்க ஜோரா உக்காந்திருப்பான், நீ இங்க பரட்டையா உக்காந்திருந்தா நல்லாவாடி இருக்கும்?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். என் மகள் நூரிஸ் அவளுக்கு மஞ்சள் கவுன் தைத்திருந்தாள். குழந்தையை எல்லோருக்கும் முன்னால், திரைக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். அது அவளுடைய இடம் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் போகவில்லை. போயிருக்கலாம்.

நீங்கள் படியிறங்கி வந்தபோது எழுந்த கூச்சலில் கோழிகள் பறந்தன. யாரிசெல் எழுந்து நின்று, வீட்டுக்குள் பெரியவர் யார் வந்தாலும் செய்வதைப் போல, "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா!" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். நானும் சிரித்தேன்.

நீங்கள் பாடினீர்கள். பிறகு ஸொரைதா அம்மையார் உங்கள் முழங்காலைத் தட்டி, ஒனி, இந்த நாட்டுப் பெண்களெல்லாம் கேட்கச் சொல்கிறார்கள், வீட்டில் யாராவது இருக்கிறார்களா, பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டார். நீங்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, இதயம் காலியாகத்தான் இருக்கிறது என்றீர்கள். பிள்ளையைக் கடவுள் இன்னும் கொடுக்கவில்லை என்றீர்கள்.

அரங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு ஜோடிக் கைதான் தட்டியது. அரங்கம் தட்டுகிறதே என்று யாரிசெல்லும் தட்டினாள். தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது. இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தெரு முழுவதும் கொதித்தது உண்மை. ஆனால் எதற்காக என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

தியோஃபிலோ தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "நாகுவாங்கிற பேரு அவன் வாயில ஒரு தடவையாவது வந்துச்சா? தலைநகரத்துல பொறந்தவனாம்! என் கடை வாசல்ல, இதே பெட்டி மேல உக்காந்துதானய்யா மொதமொதல்ல பாடினான்!" என்று கத்தினார். மில்கேயா, "அந்தத் தலைய யாருகிட்ட குடுத்தான்னு கேக்கணும். எலி கடிச்ச மாதிரி இருக்கு. பதினஞ்சு வயசுலேருந்து வெட்டினவ நான், என் பேர சொன்னா நாக்கு சுட்டுடுமா?" என்றாள். ஒவ்வொருவரும் தம் பெயர் வராததற்குத்தான் துக்கம் கொண்டாடினார்கள். குழந்தையைப் பற்றி முதலில் பேசியவர் டோமினோ ஆடும் ஒருவர். அவர் உங்கள் பக்கம். "பொண்டாட்டி புள்ள இருக்குன்னா எவ பாட்டு கேப்பா? தொழில்ல இதெல்லாம் சகஜம்பா. நூரிஸ் புரிஞ்சுக்கணும்" என்றார். அதற்குத்தான் அதிகம் பேர் தலையாட்டினார்கள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? மனைவி இருக்கிறாள் என்று சொல்லாவிட்டாலும், "படித்த ஒரு பெரியவர் எனக்கு ஊரில் துணையாக இருந்தார்" என்றாவது சொல்வீர்கள் என்று உள்ளூரக் காத்திருந்தேனோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு மதியம் அதே நிகழ்ச்சியை மறுபடி போட்டார்கள். தெரு மறுபடி கூடியது, இந்தத் தடவை வேறு பதில் சொல்லிவிடுவீர்கள் என்பதைப் போல. நூரிஸ் உட்காரவில்லை. கையில் துணிக்கூடையோடு வாசற்படியில் நின்று பார்த்தாள். நீங்கள் தொப்பியைக் கழற்றியதும் உள்ளே போய்விட்டாள். என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்தத் தொப்பி நான் வாங்கிக் குடுத்ததுப்பா."

கைபேசியிலும் அந்தக் காட்சி ஓடுகிறது. அதன் கீழே பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். முதலிலிருந்து கடைசிவரை படிப்பது என் சுபாவம். சந்தியாகோ நகரத்திலிருந்து ஒருத்தி, "கடவுள் குடுக்கலன்னா என்ன கண்ணு, நான் பெத்துத் தரேன், எத்தன வேணும்?" என்று எழுதியிருக்கிறாள். அதற்கு ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டிருக்கிறார்கள். இன்னொருத்திக்கு, தனியாக வளர்ந்த பிள்ளையின் சோகம் உங்கள் கண்ணில் தெரிகிறதாம், விடிய விடிய அழுதாளாம். அவளுக்குக் கீழே நான், "இவருக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. உங்களுக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் பாதி. என்னை யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி. அழித்துவிட்டேன்.

மூன்றாவது. குழந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை மாலையே அவளை அருகில் உட்கார வைத்துச் சொன்னேன்: தொலைக்காட்சியில் விளையாட்டுக்காக இப்படியெல்லாம் பேசுவார்கள், நாடகத்தில் ராஜா வேடம் போடுகிறவரைப் போல, அப்பா தனியாள் வேடம் போட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள். சாப்பிட்டாள், தூங்கினாள். திங்களன்று அழாமல் பள்ளிக்குப் போனாள். அப்பா எப்போது வருவார் என்று கூடக் கேட்கவில்லை. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

நான்காவது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு உங்களை மறுபடி அழைத்திருப்பதாக விளம்பரத்தில் பார்த்தோம். நூரிஸுக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அன்று யாரிசெல் என்ற பெயரை ஒரு தடவை சொன்னால் போதும். மகள் என்று சொல்ல முடியாவிட்டால், எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை என்று சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதிக் கையெழுத்துப் போடும் நேரத்தில் நூரிஸ் பள்ளியிலிருந்து வந்தாள். ஆசிரியை வரச் சொல்லியிருந்தாராம். வகுப்பில் பிள்ளைகள் யாரிசெல்லைச் சூழ்ந்துகொண்டு, "டிவியில வந்தாரே ஒனி, அவரு உங்கப்பாதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள், "இல்ல. அவரு எங்க தெருவுல இருந்தவரு, அவ்வளவுதான். எங்கப்பா கப்பல்ல வேல பாக்குறாரு" என்றாளாம். தினமும் கேட்கிறார்கள். தினமும் இதையே சொல்கிறாளாம். கப்பலுக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டு, ஏன் கண்ணே அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், செருப்பு வாரை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு இல்லன்னு சொல்லிட்டாருல்ல தாத்தா. நான் ஆமான்னு சொன்னா, அவரு பொய் சொன்னதாயிடும்ல."

ஆகவே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. தவறான பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை கிழிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். வேடம் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டியிருக்கிறாள். உங்களை யாரும் பொய்யர் என்று சொல்லிவிடாதபடி ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி இங்கே தினமும் காவல் நிற்கிறாள், மாப்பிள்ளை. கிறிஸ்துமஸ் வரை அவளை அப்படி நிற்க வைக்காதீர்கள்.

தங்கள் நலம் நாடும்,
எவரிஸ்தோ