கேட் தாண்டினால்தான் கேமரா

மார்ச் 4, திங்கள்

கடைசியில் எங்கள் தலையிலும் கட்டிவிட்டார்கள். இத்தனை நாள் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். இனிமேல் இந்தக் கம்ப்யூட்டர் சிப் ஆலைக்குள் போகிற எல்லோர் போனிலும் உள்ளே இருக்கும்வரை கேமராவை அடைத்துவைக்கும் கம்பெனியின் பாதுகாப்பு ஆப் இருக்க வேண்டுமாம். வெல்டர் பக்கத்தில் தீயணைப்பானோடு உட்கார்ந்து, பொறி பறந்து தீப்பிடிக்காமல் பார்ப்பது என் வேலை. நான் எந்த ரகசியத்தைப் படம் எடுக்கப் போகிறேன்?

"போட்டாத்தான்க்கா கேட் திறக்கும். நான் என்ன பண்ணட்டும்?" என்றான் டீம் லீடர் குக்வான். ஆப் பதினோரு அனுமதி கேட்டது. சரி, சரி என்று அமுக்கிக்கொண்டே போனேன்.

மதியம் ஊரில், மோக்போவில் இருக்கும் என் வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. நான் அவருக்குத் தெரியவில்லை. பிறவியிலேயே காது கேட்காதவர். எங்கள் பேச்சு முழுக்கக் கையால்தான். இருட்டுக்குள் கையை ஆட்டி என்ன பிரயோஜனம்?

மார்ச் 5

"எவன்கூட இருக்க? ஏன் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கற?" — கையை வீசி வீசிக் கேட்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் சந்தேகம்!

மார்ச் 9, சனி

புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. வெளியே வரும்போது கேட்டில் இருக்கும் கருவியில் போனைக் காட்டினால்தான் கேமரா திறக்கும். பஸ் போய்விடும் என்று ஓடினதில் மறந்தே போனேன். திரும்பி ஓடினால், "பதிவுல நீங்க வெளிய போயாச்சு. திங்கக்கிழமை உள்ள வந்துட்டுப் போங்க" என்கிறான் காவலாளி.

மார்ச் 10

இன்று முழுக்க அவர் பேசினார், நான் பார்த்தேன். தொண்டையில் கட்டியாம். ஒரு மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறார். ஊசி குத்திச் சோதித்தாயிற்று, வியாழன் முடிவு சொல்வார்களாம். திட்டக்கூட முடியவில்லை. டைப் அடித்தேன். எழுத்து அவருக்குப் பாதிதான் புரியும். எழுதச் சொன்னாலோ கூசிப்போவார், கைப்பேச்சின் வார்த்தை வரிசையிலேயே எழுதுவதைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்கள் என்று.

மார்ச் 12

எனக்குப் பயம் கட்டியை நினைத்துக்கூட இல்லை. புரியாத இடத்தில் அவர் தலையாட்டுவார். யார் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். இருபத்தாறு வருஷமாக நடுவில் நின்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மோக்போவில் கைமொழி பெயர்ப்பவர்களுக்கு இந்த மாதம் நேரமே இல்லையாம். குக்வானிடம் லீவு கேட்டேன். "லீவு போட்டா மறுநாளே உங்க இடத்துக்கு ஆள் வந்துரும்க்கா. உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் வரச் சொன்னது 11.50. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் 11.30. கேட்டுக்கு ஓடினால் பதினைந்து நிமிஷம், வெளியே கேமரா திறந்ததும் வீடியோவில் நானே கையால் சொல்லிவிடலாம். முடியும்.

மார்ச் 14, வியாழன்

11.05-க்கே அவருடைய வீடியோ கால் வந்தது. முன்னால் வரவேண்டியவர் வரவில்லையாம், இவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் குழாய்களுக்கு நடுவில். நான் காவல் இருக்கும் வெல்டர் பே அண்ணன் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

திரையில் டாக்டர். சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தைராய்டில் புற்றுநோய், சின்னதுதான். "முழுசா எடுத்துடலாமா? குரல் போக வாய்ப்பிருக்கு. உங்களுக்கு அது பெரிசில்லைல்ல?"

அவர் சிரித்தார். தலையாட்டினார்.

"டாக்டர், நிறுத்துங்க! அவருக்குப் புரியல!" — கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். திரையில் ஒருவரும் திரும்பவில்லை. பிறகுதான் உறைத்தது, காது கேட்காதவர் போனில் சத்தத்தை யார் கூட்டி வைப்பார்கள்? என் கை தெரியாது, என் குரல் கேட்காது. இவர் தலையாட்டுகிறார், நான் பார்க்கிறேன். ஐயோ.

பே அண்ணன் வெல்டிங்கை நிறுத்தினார். "போம்மா. நான் பாத்துக்கறேன்." வெல்டிங் நின்றாலும் அரை மணி நேரம் தீக்காவல் ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஓடினேன்.

கேட்டில் கேமரா திறந்தபோது அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார், சந்தோஷமாக. "நல்ல டாக்டர். எல்லாத்துக்கும் சரின்னுட்டேன்." எதுக்கு என்று கேட்டேன். "தெரியாது." கையெழுத்துப் போட்ட தாளைத் தூக்கிக் காட்டினார்.

அவருக்குக் குரல் பெரிசில்லையாம். சிரித்தால், கோபம் வந்தால், என்னைக் கூப்பிட்டால் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அந்த வீட்டில் என் பெயர் அதுதான். அந்த டாக்டரை என்ன செய்தால் தகும்?

மார்ச் 15

அடையாள அட்டை பறிபோயிற்று, அதோடு வேலையும். காவல் இடத்தை விட்டுப் போன குற்றம். "நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்க்கா" என்றான் குக்வான். பேசியிருப்பான். ஊருக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 25

டாக்டர் எதிரே நான் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றாக அவருக்குக் கையால் சொன்னேன். பாதி எடுத்தால் போதுமா? போதுமாம். பிறகு தேவைப்பட்டால் மீதி. "முழுசான்னும் கேட்டேன், பாதியான்னும் கேட்டேன். ரெண்டுக்கும் அவர் சரின்னாரே" என்றார் டாக்டர். இவர் தரையைப் பார்த்தார். வெளியே வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்னிடம்.

ஏப்ரல் 2

பாதிதான் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கூப்பிட்டார். கரகரப்பாக, ஆனால் என்னைத்தான்.

ஏப்ரல் 19

யோங்ஆம் கப்பல் கட்டும் தளத்தில் தீக்காவல் வேலை. வீட்டிலிருந்து நாற்பது நிமிஷம். போர்க்கப்பலும் கட்டுகிறார்களாம். பெயர் எழுதுகிற மேஜையில் முதல் கேள்வியே, "போனக் குடுங்க, ஆப் போடணும்." கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 22, திங்கள்

முதல் நாள். இன்றுதான் அவரை மறுபடி டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நான் வரும்வரை தள்ளிப்போடு என்று காலையில் கெஞ்சினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தேன். அவரிடமிருந்து வீடியோ கால் எதுவும் வரவில்லை. ஒரு படம் வந்திருந்தது: கோடு போட்ட தாள். மேலே அவருடைய கோணல் கையெழுத்து: "நான் கேட்காது. புரிய இல்லை. நீ எழுது. மெல்ல." கீழே அரைப் பக்கத்துக்கு டாக்டரின் கையெழுத்து. அதில் ஒரு வார்த்தையை வட்டமிட்டு, பக்கத்தில் இவர் கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கும் டாக்டர் பதில் எழுதியிருந்தார்.