உங்க எடைக்கு நின்ற வண்டி

என் தங்கை சரசுவைக் கட்டிய நாளிலிருந்து எனக்குப் பாதி தம்பியாகவும் பாதி சண்டைக்காரராகவும் இருந்த செல்வராஜ் மாப்பிள்ளைக்கு,

நீங்க போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நாங்க நல்லா இருக்கோமா என்று கேட்டால் என்ன சொல்ல? பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. பறிக்க ஆள் விடாததால் இடுப்பளவு நின்ற செடியெல்லாம் தலைக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. ஃபாக்டரியையும் நிறுத்திவிட்டார்கள். ஓடாத மெஷினுக்கு எண்ணெய் போட ஃபிட்டர் என்று என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் லயனில் பாதி வீடு பூட்டு. கேட்டால் எல்லாரும் திருப்பூர், பனியன் கம்பெனி.

சரசுவும் துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டாள். முதலில் அப்படி இல்லை. உங்க அம்பாசடர் டாக்சியைத் தானே ஓட்டிப் பிழைப்பேன் என்றுதான் நின்றாள். நீங்கதானே எனக்குத் தெரியாமல் அவளுக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது? டாக்சி ஓட்ட பேட்ஜும் வாங்கிவிட்டாள். ஆனால் உங்க கையில் பசு மாதிரி போன வண்டி அவள் கையில் முரண்டு பிடித்தது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர விட்டால் வலப்பக்கம் இழுக்கும். கேத்தி வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லையாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஊட்டியில் தகுதிச் சான்றுக்கு எஃப்சி காட்டும் நாளுக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் விற்றுவிட்டுத் திருப்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவளும் போய்விட்டால் இந்த மலையில் எனக்கென்று யார் மாப்பிள்ளை? அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே வண்டியை நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். இலை உருட்டுகிற ரோலரையே கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு கார் எம்மாத்திரம்? நீங்க சிரிப்பது கேட்கிறது. டயருக்குக் காற்றுப் பிடித்தேன். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை. பிறகு வண்டியை வாசலில் நிறுத்தி எதிரே நின்று பார்த்தால், முன்பக்கம் இடது மூலை தாழ்ந்திருந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடித்தேன். வலதுக்கும் இடதுக்கும் மூன்று விரல் வித்தியாசம்.

முன்சக்கரத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பி, அதுதான் டார்ஷன் பார், இடப்பக்கம் தளர்ந்துபோய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஜாக்கி கொடுத்து, கம்பியின் பின்முனையைக் கழற்றித் திருப்பி மாட்டி, இடது மூலையைத் தூக்கினேன். வாசலில் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம். மார் தட்டிக்கொண்டு குன்னூருக்குப் போய்ச் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்து வந்தோம். அடுத்த நாளே வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. முன்னே எதிர்வண்டி, இப்போது பள்ளம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? சரசு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் புத்தி திறந்தது அவள் வாசல் கழுவும்போதுதான். வலது சக்கரத்தடியில் ஊற்றிய தண்ணீர் நேரே இடது சக்கரத்தடிக்கு ஓடியது. வாசலே சாய்வு மாப்பிள்ளை! சாய்வில் நிறுத்தினால் தாழ்ந்த பக்கம் அமுங்காமல் என்ன செய்யும்? அங்கே சமமாக்கியதெல்லாம் கோணல்தான். ரோலரை வைக்கும்போது ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற எனக்கு, சொந்த வாசலை மட்டம் பார்க்கத் தோன்றவில்லை. மலையிலேயே பிறந்த கண்ணுக்குச் சாய்வெல்லாம் சமமாகத்தான் தெரிகிறது.

அப்படியென்றால் சமதரைக்கு எங்கே போவது? நம் ரோடு, டாக்சி ஸ்டாண்டு, கோயில் மைதானம், எல்லாமே ஒருபக்கம் சாய்ந்தவைதான். யோசித்து யோசித்துக் கடைசியில் என் இடுப்பில் தொங்கிய சாவிதான் ஞாபகம் வந்தது. ஃபாக்டரித் தரை. மெஷினுக்காக மட்டம் பார்த்துப் போட்ட தரை. ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிட்டு, இலை இறக்குகிற வாசல் வழியாகச் சரசு வண்டியை உள்ளே ஓட்டி வந்தாள். ஆள் இல்லாத அந்தக் கூடத்தில் இன்னும் தேயிலை வாசம் அடிக்கிறது.

உங்க ஸ்டாண்டுக் கூட்டாளி போஜன் தன் அம்பாசடரையும் கொண்டுவந்தார், ஒத்துப் பார்க்க. முதலில் நான் ஏற்றிய இடப்பக்கத்தைப் பழையபடி இறக்கினேன். ஜாக்கியை எடுத்ததும் அளந்தால் அது பொய்க் கணக்கு. வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை நாலு தரம் அமுக்கி விட்டுவிட்டு அளந்தேன். இடது மூலை போஜன் வண்டியோடு அப்படியே ஒத்துப்போனது. அதில் குற்றமே இல்லை. வலது மூலைதான் இரண்டு விரல் தூக்கலாக நின்றது. டயரைத் தடவினால் வலது டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. தூக்கி நிற்கிற பக்கம் சக்கரம் வெளியே சாயும், வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும்.

போஜன் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது கெட்டுப் போனதில்லைங்க. செல்வராஜ் வேணும்னே தூக்கி வெச்சது. அவன் ஏறி உக்காந்தாத்தான் வண்டி மட்டமாகும்."

உங்க உடம்பை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஸ்டாண்டுக் கடை பரோட்டா அத்தனையும் அந்த வலது சீட்டில்தானே உட்கார்ந்தது. நாள் முழுக்க நீங்க மட்டுமே ஓட்டுகிற வண்டி. அதை உங்க எடைக்கு வைத்துக்கொண்டீர்கள். வேறு யார் ஓட்டப் போகிறார்கள் என்று அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சொல்வதற்கு நேரம் இருக்கிறது என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

நிஜம்தானா என்று பார்த்துவிடுவோம் என்று ஃபாக்டரியில் கிடந்த தேயிலைக் கழிவை இரண்டு மூட்டையாகக் கட்டினோம். இலை நிறுக்கும் தராசில் ஒருதரம் உங்களை ஏற்றி நிறுத்து எல்லாரும் சிரித்தோமே, அந்த எடைக்கு. மூட்டைகளைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தோம். வலது மூலை மெதுவாகத் தாழ்ந்து இடதுக்குச் சமமாக வந்து நின்றது. டேப்பே தேவைப்படவில்லை. சரசு கதவைப் பிடித்தபடி அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

"இதை மாத்த வேண்டாங்ண்ணா. மூட்டையச் சீட்டுக்கு அடியில வெச்சுட்டே நான் ஓட்டிக்கறேன்" என்றாள்.

வளைவில் பிரேக் போட்டால் மூட்டை உருண்டு காலடிக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.  இருந்தும் சரி அம்மிணி என்று சொல்லிவிடத்தான் மனசு துடித்தது. போஜன் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து இறக்கினாள். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அவள் உட்கார்ந்தும் வலது மூலை இறங்கியதாகவே தெரியவில்லை. கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எறக்குங்ண்ணா. என்ற எடைக்கு வைங்க."

வண்டிக்கு அடியில் படுத்து நீங்க முறுக்கி வைத்த நட்டைக் கழற்றினேன். லேசில் வரவில்லை. கோபமா மாப்பிள்ளை? இறக்கி மாட்டி, உருட்டி, அமுக்கி, அவளை உட்கார வைத்தே அளந்தேன். உயரம் சரியான பிறகுதான் இந்தத் தடவை அலைன்மென்ட்டுக்குப் போனோம். லவ்டேலிலிருந்து குன்னூர் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவள் கையைத் தளர்த்திக் காட்டினாள், வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. எஃப்சியும் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற லயன் பெண்களெல்லாம் சரசு வண்டிதான் வேண்டும் என்கிறார்கள். திருப்பூர்ப் பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை.

ஒரே ஒரு குறை. நீங்க போனதிலிருந்து அவள் அரை வயிறுதான் சாப்பிடுகிறாள். குருவி மாதிரி ஆகிவிட்டாள், அந்தக் குருவி எடைக்குத்தான் வண்டியை வைத்திருக்கிறேன். இனி நானும் அவளோடுதான் சாப்பிடுகிறேன், அவள் தட்டு காலியாகாமல் எழுந்திருக்க மாட்டேன். அவள் உடம்பு தேறி வலது மூலை தாழ்ந்து வண்டி மறுபடி ஒருபக்கம் இழுக்கட்டும். அன்றைக்குச் சந்தோஷமாக அடியில் படுத்து ஏற்றித் தருகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சரசுவுக்கு அண்ணன்,
உங்களுக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்